புகைக்குச் சான்றிதழ் இருக்கிறது, பிரேக்குக்கு?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாவித்த சின்னக் கார் ஒன்று வாங்க யோசிக்கிறவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

நம் தெருக்களில் கார் பார்க்கப் போகிறவர்கள் விற்கிறவரிடம் முதலில் கேட்பது, "லைசன் இருக்கா? புகை டெஸ்ட் பாஸா?" என்றுதான். இரண்டும் இருந்தால் வண்டி ஓகே என்று மனசு ஆறிவிடுகிறது. அந்தச் சான்றிதழ் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய காரின் கதையைப் பார்ப்போம்.

மொறிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1960 டிசம்பருக்குள் பத்து இலட்சம் கார்கள் செய்யப்பட்டுவிட்டன. சுதந்திரம் கிடைத்த புதிதில் இலங்கைக்கும் நிறைய வந்தன. டொக்டர், புரொக்டர், பாடசாலை அதிபர் என்று நடுத்தரக் குடும்பங்களின் கார் இதுதான்.

அதன் பலவீனங்கள் கராஜ் பாஸ்மாருக்கு மனப்பாடம். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்ப்பக்க மூட்டில் மரை இருக்கும். அதற்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது சக்கரம் அப்படியே மடிந்துபோகும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இருப்பதோ சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே. கண்ணில் படாததால் எண்ணெய் குறைந்தாலும் பலர் பார்ப்பதில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன் என்பதால், ஓரிடத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். தரைத்தகட்டில் துரு பிடிப்பது இன்னொரு நோய்.

இந்த மாதிரிப் பழைய கார்கள் வீதியில் பெருகியதால்தான் பிரிட்டன் 1960இல் ஒரு பரிசோதனையைக் கொண்டுவந்தது. அப்போது போக்குவரத்து அமைச்சர் ஏர்னஸ்ட் மாப்பிள்ஸ். பத்து வருடம் கடந்த கார்களின் பிரேக், லைட், ஸ்டியரிங் மூன்றையும் பார்ப்பதே ஏற்பாடு. தோற்ற கார்களின் தொகை அதிகாரிகளையே திகைக்க வைத்தது. உடனே வயதெல்லையை ஏழு வருடமாகக் குறைத்தார்கள். 1967இல் அது மூன்று வருடமானது. அடுத்த வருடம் டயரும் பரிசோதனையில் சேர்ந்தது.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. பஸ், லொறி போன்ற வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. தனியார் கார்களுக்கு அது இல்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. அங்கே பரிசோதனையில் தோற்ற மைனர் பழைய இரும்புக்குப் போனது. இங்கே அதே மைனரை பாஸ்மார் தகடு வெட்டி ஒட்டி, பாகம் கடைந்து ஓடவைத்தார்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கும் அந்தத் தட்டுப்பாட்டுக் காலம் பெரிய தேவையைக் கொடுத்தது. அந்தக் கைத்திறன் எந்த அளவுக்கு வளர்ந்தது என்றால், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயார், அதற்கான உடற்பாகங்களை இலங்கையில் செய்வித்துக் கொண்டுபோனார். கார் தந்த நாட்டுக்கே நாம் பாகம் அனுப்பியிருக்கிறோம்!

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் ஜப்பானிய பாவித்த கார்கள் வந்தன. இதன் பின்னாலும் ஒரு பரிசோதனை இருக்கிறது. ஜப்பானில் "ஷாகென்" என்று சொல்வார்கள். புதுக் காருக்கு மூன்றாம் வருடம், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. செலவு அதிகம். அந்தச் செலவைச் செய்வதைவிட காரைக் கொடுத்துவிடுவது மேல் என்று பலர் நினைப்பதால், நல்ல நிலையில் உள்ள கார்களும் ஏற்றுமதிக்கு வருகின்றன. இந்தியாவின் மாருதி 800, 1983 டிசம்பரில் வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அதுவும் அதன் பின்வந்த ஓல்டோவும் இங்கே பல குடும்பங்களின் முதல் கார்.

இனி நம்முடைய பரிசோதனைக்கு வருவோம். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கியது. காற்றுக்கு இது நல்ல வேலை, மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கருவி பார்ப்பது என்ன? பெற்றோல் காரில் காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும். டீசலில் புகையின் அடர்த்தி. அவ்வளவுதான். பிரேக் பைப் துருப்பிடித்திருந்தாலும், சக்கர மூட்டு ஆடினாலும், டயர் வழுக்கையாக இருந்தாலும் அந்தக் குழாய்க்குத் தெரியாது.

பிரிட்டனில் பிரேக்கையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழும்கூடப் பரிசோதித்த நேரத்து நிலைமைக்கு மட்டும்தான் சாட்சி. அடுத்த மாதத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. அப்படியிருக்க, புகையை மட்டும் பார்த்துக் கொடுத்த தாளை முழு வண்டிக்கும் உத்தரவாதமாக எடுப்பது எப்படிச் சரியாகும்?

2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார் விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். 1960களின் கதைதான் திரும்ப நடந்தது. புதுக் கார் வராதபோது பழையது கூடுதல் காலம் ஓடுகிறது. கூடுதல் காலம் ஓடும் வண்டிக்குத்தான் கூடுதல் பரிசோதனை வேண்டும். அது சட்டத்தில் இல்லாதவரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் உங்களுக்கு நம்பிக்கையான, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பாஸிடம் வண்டியைக் கொண்டுபோங்கள். மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்:

• நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கும் பைப்பும்
• முன்சக்கர மூட்டுகளும் ஸ்டியரிங் ஆட்டமும்
• மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு, வெள்ளத்தில் நின்ற சேற்று அடையாளம்
• ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படை இருக்கிறதா
• மீட்டர் காட்டும் கிலோமீற்றருக்கும் பெடல் ரப்பர், சீட் தேய்வுக்கும் பொருத்தம் இருக்கிறதா

இதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட வராது. விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குறையைச் சொல்லி விற்பதுதான் நம் மார்க்கம் கற்றுத்தந்த வியாபாரம். பிரேக்கின் குறையை மறைத்தால் வாங்கியவரின் பணம் மட்டுமல்ல, அந்தக் காரில் ஏறும் பிள்ளைகளின் உயிரும் அதில் இருக்கிறது.

மைனர் காலத்து கராஜ்களில் வேலை செய்த பெரியவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு இங்கே எழுதுங்கள். இந்த வருடம் கார் வாங்கப்போகும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.