கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்

கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர் என்பது அமெரிக்க பாப் பாடகி மடோனா 2005 நவம்பரில் வார்னர் பிரதர்ஸ் வழியாக வெளியிட்ட 10ஆவது ஸ்டுடியோ இசைத்தொகுப்பு. வகை: நடன பாப், மின்னணு இசை, டிஸ்கோ.

1970களின் டிஸ்கோவையும் 1980களின் மின்னணு பாப்பையும் சமகால கிளப் இசையோடு இணைத்த இத்தொகுப்பின் முதன்மைக் கூட்டாளி, பிரிட்டன் இசைத் தயாரிப்பாளர் ஸ்டுவர்ட் பிரைஸ். 2001ஆம் ஆண்டு மேடைப் பயணத்தில் மடோனாவின் இசை இயக்குநராக இருந்த அவருடைய லண்டன் வீட்டு ஸ்டுடியோவிலேயே பெரும்பகுதி உருவானது. மிர்வைஸ், பிளட்ஷை அண்ட் அவான்ட் ஆகியோரும் பங்களித்தனர். 12 பாடல்களும் டிஜே ஒருவர் இரவு விடுதியில் இசைப்பதுபோல் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நகர்கின்றன. தொகுப்பின் தனித்தன்மை பாடல்களைவிட இக்கட்டமைப்பிலேயே உள்ளது எனலாம். ‘ஐசக்’ பாடலில் யிட்ஷாக் சின்வானி ஏமன் யூத மரபுப் பாடலொன்றின் பகுதிகளைப் பாடுகிறார்.

முதல் தனிப்பாடல் ‘ஹங் அப்’, சுவீடனின் ஆபா குழுவினர் 1979இல் வெளியிட்ட ‘கிம்மி! கிம்மி! கிம்மி!’ பாடலின் இசைத்துணுக்கைக் கையாள்கிறது. தங்கள் பாடல்களை இவ்வாறு கையாளும் அனுமதியை ஆபா குழுவினர் அரிதாகவே அளிப்பர். முன்பு ஃபியூஜீஸ் இசைக்குழு அதைப் பெற்றிருந்தது. ‘ஹங் அப்’, தொகுப்பின் மற்றொரு தனிப்பாடலான ‘சாரி’ ஆகிய இரண்டும் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பெற்றன.

முந்தைய தொகுப்பான ‘அமெரிக்கன் லைஃப்’ (2003) கலவையான வரவேற்பையே பெற்றிருக்க, இத்தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. சிறந்த மின்னணு/நடன இசைத்தொகுப்புக்கான கிராமி விருது 2007இல் இதற்கு வழங்கப்பட்டது.