மூச்சுக்குக் கை கொடுத்தவர்கள்

2021 ஓகஸ்ட் மாதம். கொவிட் விடுதியில் கிடந்த என் வாப்பா தொலைபேசியில் கேட்டார்: "மகன், மிஸ்ஸி குப்புறப் படுக்கச் சொல்றா. அது நபியவங்க வெறுத்த படுக்கையில்லையா?"

ஊர் மௌலவியிடம் ஓடினேன். "நிர்ப்பந்தம் வந்தால் சட்டம் இளகும், உயிரைக் காப்பதுதான் முந்தியது, சேர்" என்றார். வாப்பா குப்புறப் படுத்தார். அந்தப் படுக்கைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதைப் பின்னர்தான் தேடிப் படித்தேன்.

நுரையீரலின் கதையில் நம்மவர் பெயர் தொடக்கத்திலேயே வருகிறது. இருதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்று கிரேக்க வைத்தியர் கலன் சொன்னதை உலகம் ஆயிரம் ஆண்டுகள் நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் இப்னு நபீஸ் அதை மறுத்தார். சுவரில் துளையில்லை, இரத்தம் நுரையீரலுக்குள் போய்க் காற்றோடு கலந்தே திரும்புகிறது என்று, இப்னு ஸீனாவின் நூலுக்கு எழுதிய உரையிலே சொன்னார். அந்த உரையின் பிரதியொன்று பெர்லின் நூலகத்தில் கிடந்து, 1924இல்தான் எகிப்திய வைத்தியர் ஒருவரின் கண்ணில் பட்டது.

செயற்கைச் சுவாசத்தின் கதையோ கைகளில் தொடங்குகிறது. 1952இல் கொப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தொற்றுநோய் வைத்தியசாலையில் இருந்தது ஒரேயோர் இரும்பு நுரையீரலும், மார்பில் கட்டும் ஆறு சிறு கருவிகளும்தான். மூச்சுத் தசை செயலிழந்த முதல் 31 நோயாளர்களில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் மடிந்தனர். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர், 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பைகளை அழுத்தினர். மரணம் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே பிறந்தது. கைகளின் வேலையைப் பின்னர் இயந்திரம் ஏற்றது. நோயாளி தானே மூச்சிழுக்க முனையும்போது அதை உணர்ந்து துணை செய்யும் கருவிகளும் வந்தன.

இளம்பிள்ளைவாதத்தில் கெட்டது தசை. நுரையீரல் நன்றாக இருந்தது. நுரையீரலே கெட்டால்? வியட்நாம் போரில் வேறு உறுப்பில் காயம்பட்டவர்கள் சில நாட்களின் பின் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1967இல் அமெரிக்க வைத்தியர்கள் இத்தகைய 12 நோயாளர்களைப் பற்றி எழுதினர். காயத்தாலோ கிருமியாலோ காற்றறைகள் வீங்கி நீர் கோத்துவிடுகின்றன. அவர்களுள் 7 பேர் இறந்தனர்.

கருவி அந்த நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை, தவணை வாங்கித் தருகிறது. அந்தத் தவணையும் தவறாகக் கொடுக்கப்பட்டது. திறந்திருப்பது சிறு பகுதியே என்றறியாமல் பெரிய மூச்சுகளைத் திணித்தனர். மிஞ்சிய பகுதியும் காயப்பட்டது. 2000இல் 861 நோயாளர்களிடம் செய்த ஆய்வு இதை உறுதிசெய்தது. உயரத்துக்கேற்ற உடல்நிறையின் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் காற்றுப் பெற்றவர்களில் 39.8 வீதத்தினரும், 6 மில்லிலீற்றர் பெற்றவர்களில் 31 வீதத்தினரும் இறந்தனர். இரக்கத்திலும் அளவு வேண்டும் என்பதை வைத்தியமும் கற்றுக்கொண்டது.

2013இல் குப்புறப் படுக்கையின் முறை வந்தது. மல்லாந்து கிடக்கையில் இருதயமும் வீங்கிய நுரையீரலும் முதுகுப்புறக் காற்றறைகளை நசுக்குகின்றன. குப்புறக் கிடத்தினால் அவை திறக்கின்றன. கருவியிலிருந்த 466 பேரிடம் செய்த ஆய்வில் 28 நாள் மரணம் 32.8 வீதத்திலிருந்து 16 வீதமாகக் குறைந்தது. கொவிட் காலத்தில் கருவி பூட்டாதவர்களுக்கும் அதே வழி கையாளப்பட்டது.

இவற்றைப் படிக்கையில் வன்னியே நினைவில் நின்றது. கருவிக்கு மின்சாரம் வேண்டும், ஒட்சிசன் வேண்டும், பயின்ற தாதியர் வேண்டும். 2009இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் எறிகணைகள் விழுந்தன. புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடம் வைத்தியசாலையானது. மயக்கமருந்துக்கும் இரத்தத்துக்குமே வழியில்லாத இடத்தில் காயப்பட்டவரின் நுரையீரலைப் பற்றி யார் பேசுவது?

எங்கள் அச்சம் வேறொன்றாகவும் இருந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொவிட் ஜனாஸாக்களை எரிக்கப் பணித்தது. 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. முதலில் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவைக் காட்டினார்கள், அம்மக்கள் எதிர்த்தார்கள். பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவை திரும்பவில்லை.

வாப்பா வீடு திரும்பினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைக் கருவி பூட்டக் கொண்டுபோனார்கள். அவர் மஜ்மா நகரில் அடங்கியிருக்கிறார். வாப்பா இன்றும் தொழுகைக்குப் பின் அவருக்காகத் துஆக் கேட்கிறார்.

பத்தாம் வகுப்பில் சுவாசப் பாடம் வரும்போது, நான்கு செக்கனுக்கு ஒருமுறை கையைப் பொத்தித் திறக்கும்படி பிள்ளைகளிடம் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் கை உளைகிறது என்பார்கள். அதன்பின்தான் கொப்பன்ஹேகன் மாணவர்களின் கதையைச் சொல்வேன்.