பழி நிற்காத விசாரணை: மத்தவிலாசம் முதல் மகாசங்கமம் வரை

1998 முதல் சோனி தொலைக்காட்சியில் நடந்துவந்த 'சி.ஐ.டி.' என்னும் துப்பறியும் தொடரின் ஏ.சி.பி. பிரத்யுமனும் அவருடைய சகாக்களும், 2008இல் சப் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்னும் நகைச்சுவைத் தொடரின் கோகுல்தாம் குடியிருப்பு மக்களை 2014ஆம் ஆண்டில் ஒரே கதைக்குள் சந்தித்தபோது, இரண்டு அலைவரிசைகளும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தமையைச் சுட்டி, இது வியாபார யுக்தி என்று சொல்லிவிடுவது எளிதாக இருந்தது. வியாபாரக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கொலைவழக்கும் சிரிப்பும் ஒரு கூரையின் கீழ் வரும்போது எது எதற்கு அடங்குகிறது என்னும் கேள்விக்கு அக்காரணம் விடையாகாது.

தொடர்கள் இவ்வாறு ஒன்றையொன்று சந்திப்பதைப் பற்றி அதிகம் பேசப்பட்ட அபிப்பிராயம் அமெரிக்கச் சித்திரக்கதை ஆசிரியர் டுவெய்ன் மெக்டஃபி 2002இல் எழுதிய கட்டுரையில் உள்ளது. 'செயின்ட் எல்ஸ்வேர்' என்னும் மருத்துவமனைத் தொடரின் கதை முழுவதும், 1988இல் ஒளிபரப்பான அதன் இறுதிக் காட்சியில், டாமி வெஸ்ட்ஃபால் என்னும் சிறுவனின் மனக்கற்பனையாகக் காட்டப்பட்டது. அத்தொடரின் மருத்துவர்கள் முன்பே 'சியர்ஸ்' என்னும் நகைச்சுவைத் தொடரின் மதுக்கடைக்குச் சென்றிருந்தார்கள். 'செயின்ட் எல்ஸ்வேர்' பாத்திரம் ஒன்று பின்னாளில் 'ஹோமிசைட்' என்னும் குற்றத்தொடரில் தோன்றியது. அந்த 'ஹோமிசைட்'டின் துப்பறிவாளர் ஜான் மன்ச் வேறு பல தொடர்களுக்குள் நடமாடினார். ஒருவர் கடந்து சென்றால் இரண்டு உலகங்களும் ஒன்றாகும் என்று வைத்துக்கொண்டால், அமெரிக்கச் சின்னத்திரையின் பெரும்பகுதி அச்சிறுவன் ஒருவனுடைய மனத்திற்குள் அடங்கிவிடும். தொடர்ச்சி, தொடர்ச்சி என்று பிடிவாதம் பிடிக்கும் வாசகர்களின் கொள்கை எத்தகைய அபத்தத்தில் முடியும் என்று காட்டவே மெக்டஃபி இதை எழுதினார் என்பதை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும்; பின்வந்தவர்கள்தாம் அதை மெய்யென்று கொண்டு வரைபடம் போட்டார்கள்.

என் கருத்து வேறுபாடு அவருடைய முடிவோடு அன்று, அவர் எதிராளியிடமிருந்து கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட தொடக்கத்தோடுதான். கடந்து செல்வது பாத்திரம் என்றும், கலப்பது உலகம் என்றும் அவர் வைத்துக்கொண்டார். பாத்திரமே கடக்காத சந்திப்பு ஒன்று இருந்தால் அத்தொடக்கம் நிலைக்காது. அத்தகைய சந்திப்பு 2008 மே மாதத்தில் நடந்தது. 'சி.எஸ்.ஐ.' என்னும் தடயவியல் தொடரின் எழுத்தாளர்கள் 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' என்னும் நகைச்சுவைத் தொடருக்கு ஒரு பகுதியும், அந்நகைச்சுவைத் தொடரை உருவாக்கிய சக் லோரியும் லீ ஆரன்சோனும் 'சி.எஸ்.ஐ.'க்கு ஒரு பகுதியுமாக எழுதிக் கைமாற்றிக்கொண்டார்கள். நடிகர்கள் சிலர் எதிர்த்தொடரில் தலைகாட்டினார்களே தவிர, தம் தொடரின் கதையை அங்கே எடுத்துச் செல்லவில்லை. பரிமாறப்பட்டது எழுதுகோல் மட்டுமே. ஆயினும் விளைவு என்ன? நகைச்சுவை எழுதிப் பழகியவர்கள் குற்றத்தொடருக்குள் சென்றதும், ஒரு நகைச்சுவை நடிகையின் கொலையை வைத்து அதற்கு ஒரு கொலையாளியையும் தந்தார்கள். குற்றக்கதை எழுதிப் பழகியவர்கள் நகைச்சுவைத் தொடருக்குள் சென்றதும், கலியாண நாளில் மாப்பிள்ளை பிணமாகக் கிடந்த வீட்டை அடுத்த வாரமே பழைய சிரிப்புக்குத் திரும்ப விட்டார்கள். எழுதியவர் யாராயினும் ஆண்டது இல்லத்தின் தர்மம். விசாரணை நகைச்சுவையின் வீட்டிற்குள் வந்தால் பழி அவ்வீட்டார் மேல் நிலைக்காது. ஏனெனில் நாளையும் அவர்கள் அங்கே இருந்தாகவேண்டும்.

இத்தர்மம் நம் நாட்டில் எவ்வளவு பழமையானது என்பதற்கு, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த மகேந்திரவர்ம பல்லவனின் 'மத்தவிலாசப் பிரஹசனம்' சான்று. காஞ்சி நகரில் சத்தியசோமன் என்னும் காபாலிகனின் கபாலம் காணாமற்போகிறது. அவன் நாகசேனன் என்னும் பௌத்த பிக்ஷுவைத் திருடன் என்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவராக வருகிறான். வழக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு எழும்போது, விகாரங்களின் செல்வத்தைத் திரட்டி வைத்திருப்பவனால் அதிகாரிகளின் வாயை அடைக்க முடியுமே என்று காபாலிகனின் துணைவி தேவசோமை கேட்கிறாள். முடிவில் ஒரு பித்தன் கபாலத்தோடு வருகிறான். அதிலிருந்த இறைச்சிக்காக எடுத்துச் சென்றது ஒரு நாய். புகார், சந்தேகம், சாட்சி, நடுவர் என்று விசாரணையின் அங்கங்கள் யாவும் உள்ளன, குற்றவாளி மட்டும் இல்லை. மாமண்டூர்க் குகையின் சிதைந்த கல்வெட்டு இந்நாடகத்தோடு சேர்த்துப் பெயர் சொல்லும் 'பகவதஜ்ஜுக'த்திலோ மரணமே தவறாகிவிடுகிறது: யமதூதன் பெயர்க் குழப்பத்தில் வேறொரு வசந்தசேனையின் உயிரைக் கவர்ந்து செல்கிறான், பிறகு அது திரும்ப வருகிறது. அதன் ஆசிரியரும் மகேந்திரனேயா, மரபு கூறும் போதாயனரா என்பது தீராத வழக்கு. என் வாதம் அதைச் சார்ந்ததன்று.

இனி நான் நின்று நோக்க விரும்புவது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மேற்குகையிலுள்ள வடமொழிக் கல்வெட்டு. கங்காதர மூர்த்தியின் பக்கத்துத் தூண்களில் பொறித்த சுலோகங்களுள் ஒன்று, சிவபெருமான் நதிகளிடம் பிரியமுள்ளவராதலால் காவிரியைக் கண்டு மனம் மயங்கக்கூடும் என்று அஞ்சிய மலைமகள், தந்தையின் குலத்தை விட்டு இம்மலையிலேயே நிலையாக வந்து தங்கி, அந்நதியைப் பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கற்பனை செய்கிறது. முசிறியைக் கடந்து கிழக்கே சென்று அப்பாறையின் வடபுறமாக ஓடும் காவிரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இச்சுலோகம் வெறும் அரசபுகழாகத் தோன்றவில்லை. முன்குற்றம் உள்ளவர் ஒருவர், சந்தேகிக்கப்படும் ஒருத்தி, பிறந்தகம் துறந்து காவலிருக்கும் மனைவி, முடிவில் பழியை எவர்மீதும் நிறுத்தாமல் உறவை வேறிடத்திற்கு மாற்றிவிடும் சாதுரியம். மத்தவிலாசத்தின் விசாரணை இங்கே ஒரு சுலோகத்திற்குள் சுருங்கி நிற்கிறது. ஒரு சுலோகத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்பார்க்கு என் பதில்: ஒரே அரசனின் பெயரில் நாடகமும் கல்லும் ஒரே மனப்போக்கைக் காட்டுமாயின், அதைத் தற்செயல் என்பவரும் தம் காரணத்தைச் சொல்லியாகவேண்டும்.

நாடகம் முந்தியதா குகை முந்தியதா என்பதை அறுதியிட வழியில்லை. அதே தூணிலுள்ள மற்றொரு சுலோகம் அரசன் எதிர்ப்பட்ட நெறியினின்று திரும்பியதைச் சொல்வதாகக் கொண்டு, அவன் சமணம் விட்டுச் சைவனானான் என்றும், காபாலிகனைப் பரிகசிக்கும் நாடகம் அதற்கு முற்பட்டது என்றும் கூறுவோர் உண்டு. பரிகாசம் பக்தனுக்குப் பொருந்தாது என்ற அனுமானமே அதன் அடிப்படையாதலால் அதை நான் ஏற்பதற்கில்லை. பல்லவ நாடகத்திலிருந்து பம்பாய்த் தொடருக்கு நேர்வம்சம் கற்பிக்கவும் நான் துணியேன். மத்தவிலாசம் தமிழகத்தில் மறக்கப்பட்டு, கேரளத்துச் சாக்கியார் மரபில் உயிர் வாழ்ந்து, 1917இல் கணபதி சாஸ்திரியின் பதிப்பாகத் திருவனந்தபுரத்தில் அச்சேறிய பின்னரே நமக்குத் திரும்பக் கிடைத்தது.

தமிழ்ச் சின்னத்திரையிலோ 'மகாசங்கமம்' என்பது 'பாண்டியன் ஸ்டோர்ஸ்', 'பாக்கியலட்சுமி' போன்ற குடும்பத் தொடர்கள் ஒன்றையொன்று தழுவிக்கொள்வதாகவே வளர்ந்தது. 'மர்மதேச'த்தின் மர்மமும் 'ரமணி வெர்சஸ் ரமணி'யின் தாம்பத்தியச் சிரிப்பும் பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தில், இயக்குநர் நாகா என்னும் ஒருவர் கையிலேயே, 1990களில் உருவாயின. ஆயினும் அவை தனித்தனிப் பாதையிலேயே சென்றன. ஒரே கை இரண்டையும் இயக்கவல்லதாக இருந்தும் அவற்றைச் சேர்க்கத் தூண்டுதல் எழாமைக்கு, வாரம் ஒருமுறை வந்த அக்காலத் தொடர்கள் தமக்கென்று ஒரு முடிவை உடையனவாக இருந்தமையே காரணம் என்று நினைக்கிறேன்: முடிவுள்ள கதை தன் குற்றவாளியைத் தண்டிக்கலாம், நாள்தோறும் நீளும் கதைக்கே பழி நிற்காத விசாரணை தேவைப்படுகிறது.