கூப்பிடு தூரம்

நம் பக்கத்து மனிதர்களிடம் தூரத்தைக் கேட்டால் கணக்காகச் சொல்லமாட்டார்கள். "இதோ, கூப்பிடு தூரந்தான்" என்பார்கள். யார் கூப்பிட வேண்டும், யார் காதில் விழ வேண்டும் என்பதெல்லாம் கேட்பவர் பாடு. நம்பி நடக்கத் தொடங்கினால் வெயிலில் அரை மணி நேரம் போய்விடும். பழங்காநத்தத்தில் ஏதாவதொரு மொட்டை மாடியில் ஏறி, திருப்பரங்குன்றத்து மலை எவ்வளவு தூரம் என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். நாலு விடை கிடைக்கும். மழை பெய்து ஓய்ந்த காலையில் மலை கைக்கெட்டும் இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். புழுதி பறக்கும் பிற்பகலில் அதே மலை தள்ளிப் போய்விடும். மலை நகர்வதில்லை, நம் கண்தான் நகர்கிறது.

வழிப்போக்கனின் கண் ஏமாந்தால் அவன் கால்தான் வலிக்கும். வேட்டைக்காரனின் கண் ஏமாந்தாலோ, வலி வேறோர் உயிருக்கு. தூரத்தை அளக்கும் கருவி வேட்டைக்காரன் கைக்கு வந்து சேர்ந்த கதையில் சாரமான விஷயம் இதுதான்.

முதலில் நம் சீமைக் கதையையே சொல்கிறேன். மதுரையிலும் சிவகங்கையிலும் வளரி என்றோர் ஆயுதம் இருந்தது. மூன்றாம் பிறைபோல் வளைந்தது. மரத்தாலும் செய்வார்கள், இரும்பாலும் செய்வார்கள். முயலுக்கும் அதுதான், போருக்கும் அதுதான். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரிக்கு 1795-இல் வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பழகிய கையால் வீசினால் நூறு கெஜத்துக்குள் எந்த இலக்கும் தப்பாது என்று வெல்ஷ் 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். கற்றுக்கொடுத்தவரை எதிர்த்தே அவர் போரிட வேண்டி வந்ததும், 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் நாம் அறிந்த சோகம்.

வெல்ஷ் சொன்ன அந்த நூறு கெஜத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வளரிக்காரனுக்குத் தூரமானி தேவைப்படவில்லை. ஏன்? அவன் கை எவ்வளவு தூரம் எட்டுமோ, அவ்வளவு தூரத்தை அவன் கண் சிறு வயது முதலே பழகியிருந்தது. கையும் கண்ணும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். எட்டாது என்று தோன்றினால் அவன் வீசமாட்டான். வீசினால் வளரியைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிடும்.

துப்பாக்கி வந்ததும் அந்த உறவு முறிந்தது. மரை வெட்டிய குழலுள்ள ரைபிள் வந்ததும் முற்றிலும் முறிந்தது. கை, கண்ணைவிட நீளமாகிவிட்டது. 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்த ஒரு சாதாரண மான் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே குறியில் 300 கெஜத்தில் நிற்கும் மானைச் சுட்டால் குண்டு சுமார் எட்டு அங்குலம் தாழ்ந்து போகும். நெஞ்சுக்கு வைத்த குறி காலிலோ அடிவயிற்றிலோ போய் விழும். மான் உடனே சாகாது. ஓடும், புதரில் ஒதுங்கும், இரண்டு நாள் கிடந்து சாகும். சுட்டவர் "தப்பிவிட்டது" என்று சொல்லிவிட்டு முகாமுக்குத் திரும்பி வந்து காபி குடிப்பார்.

குறி தவறிய குண்டு எங்கே போய் முடியும் என்பதற்கு ஜிம் கார்பெட் எழுதிய சம்பாவத் புலியின் கதை போதும். 436 மனிதர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்தப் பெண்புலியை 1907-இல் அவர் சுட்டு வீழ்த்தினார். வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எப்போதோ பட்ட துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைக் கொல்ல முடியாமல்தான் அது மனிதர்மேல் பாய்ந்தது என்பது கார்பெட்டின் முடிவு. யாரோ ஒருவர் அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போனதற்கு, நேபாளத்திலும் குமாவூனிலும் விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் போன ஏழைப் பெண்கள் விலை கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் தூரத்தை அளக்கும் வித்தை அந்த நாளில் இல்லாமல் இல்லை. 1802-இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கில் கண்டுவிடலாம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததுதான். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளந்தார்கள். கோணம் பார்க்கும் கருவி அரை டன் கனம். 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு கட்டி மேலே தூக்கும்போது சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சீர்செய்தார்.

அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த பழனி மலையை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து எழுதியவர் டக்ளஸ் ஹாமில்டன். அவர் பெரிய வேட்டைக்காரரும்கூட. மலையின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லக்கூடிய மனிதர், எதிர்ப் பாறையில் நிற்கும் வரையாட்டின் தூரத்தை மட்டும் கண்மதிப்பில்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆடு நிற்கிற நேரத்தில் முக்கோணம் போட முடியுமா? அந்தத் தலைமுறையின் துப்பாக்கிகள் ஓயாமல் வேலை செய்ததால், 1879-இல் நீலகிரிக்கென்று தனியே ஒரு வேட்டைச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

முக்கோணத்தை ஒரு குழாய்க்குள் அடைத்தவர்கள் ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்ற இரண்டு பேராசிரியர்கள். பிரிட்டிஷ் யுத்த இலாகா 1888-இல் செய்த விளம்பரத்தைப் பார்த்து முயற்சியில் இறங்கினார்கள். நீண்ட குழாய், இரு முனையிலும் இரண்டு ஜன்னல், நடுவில் கண் வைக்குமிடம். இரண்டு ஜன்னல்களும் காட்டும் உருவத்தைத் திருகி ஒன்றாகப் பொருத்தினால் தூரம் தெரியும். போர்க் கப்பலுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் காட்டுக்கு நாலரை அடிக் குழாயைச் சுமந்துகொண்டு யார் போவது?

1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன்பின் முக்கோணமே வேண்டாமென்று ஆயிற்று. கருவியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்பு ஒன்று புறப்படுகிறது. இலக்கில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. நூறு மீட்டர் போய்வர, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட ஆகாது. ராணுவ டாங்கிகளுக்குப் போன இந்த வித்தை மெல்லச் சிறுத்து, 1992-இல் லைக்கா நிறுவனத்தின் பைனாகுலருக்குள் புகுந்தது. இன்று சட்டைப்பையில் அடங்குகிறது.

வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் இதை வாங்கக் கடைக்குப் போனால் சில விஷயங்களை மனத்தில் வைப்பது நல்லது. பெட்டியின்மேல் ஆயிரம் கெஜம் என்று அச்சிட்டிருந்தால், அது பளபளப்பான பலகைக்குச் சொன்ன கணக்கு. மானின் தோல் ஒளியைக் குடித்துவிடும்; பாதியை நம்பினால் போதும். முன்னால் நிற்கும் புல்லை அளந்துவிட்டு மானை அளந்ததாகச் சொல்லாமல், முன்னதையும் பின்னதையும் பிரித்துச் சொல்லும் வசதி இருக்க வேண்டும். மலைச்சரிவில் கணக்கு வேறு. முப்பது பாகை சரிவில் நூறு மீட்டர் என்றால், கிடைமட்டத்தில் அது 87 மீட்டர்தான். குண்டு தாழ்வது பெரும்பாலும் இந்தக் கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்தது. அதைத் திருத்திச் சொல்லும் கருவியே மலைக்கு ஏற்றது. பைனாகுலரிலேயே தூரமும் தெரிந்தால் ஒரு கருவியை வைத்து இன்னொன்றை எடுக்கும் அசைவு மிச்சம். ஆனால் கனமும் விலையும் கூடும்.

இவையெல்லாம் சாமான் வாங்கும் சாமர்த்தியம். இதற்கு மேலும் ஒன்று உண்டு. 340 என்று எண் காட்டியதும் "எட்டும்" என்று குதூகலிக்கிறவன் ஒரு ரகம். "நான் பழகியது 200 வரைதான்" என்று துப்பாக்கியைத் தாழ்த்துகிறவன் இன்னொரு ரகம். கருவி ஒன்றுதான், முதலாமவனுக்கு அது ஆசையை நீட்டுகிறது, இரண்டாமவனுக்கு எல்லையைக் காட்டுகிறது. வளரிக்காரனின் வாரிசு இரண்டாமவன்தான்.

நம் நாட்டில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991 திருத்தமும் வேட்டை விளையாட்டுக்குக் கதவைச் சாத்திவிட்டன. ஆனால் தூரமானி மட்டும் காட்டுக்குள் வந்துவிட்டது, வேறு வேலைக்கு. புலிகளுக்கு இரை போதுமா என்று பார்க்க, சுமார் இரண்டு கிலோமீட்டர் நேர்க்கோட்டில் வனக் காவலர்கள் விடியற்காலையில் சத்தமின்றி நடக்கிறார்கள். புள்ளிமானோ மிளாவோ கண்ணில் பட்டால் தூரமானியை நீட்டித் தூரத்தையும், திசைகாட்டியில் கோணத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். கோட்டுக்கு அருகில் நிற்பவை தப்பாமல் தெரியும். தள்ளிப் போகப்போகக் கண்ணுக்குத் தப்புபவை அதிகமாகும். அந்தக் குறைவைக் கொண்டு, பார்க்காத மான்களையும் சேர்த்துக் கணக்கிட்டுவிடுகிறார்கள். தூரம் பிசகினால் காட்டின் கணக்கே பிசகும்.

மதுரைக்குத் தென்மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதுபோன்ற காடுகளில், ஒரு மான் தலை நிமிர்ந்து பார்க்கும்போது அதன்மேல் ஒளித் துடிப்பு ஒன்று பட்டுத் திரும்புகிறது. மானுக்கு எதுவும் தெரியாது. காவலர் நோட்டில் ஓர் எண் எழுதுகிறார். மான் மறுபடி குனிந்து மேய்கிறது.