எட்ஜ்வுட் பள்ளி வழக்கு: எல்லைக்கோடும் வரிப்பணமும்

கல்வி உரிமைக்காக அமெரிக்க நாட்டில் நடந்த போராட்டம் என்றவுடன் நம் இளைஞர்களின் நினைவுக்கு வருவது 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் வெளியான பிரவுன் வழக்குத் தீர்ப்பே ஆகும். நிறத்தின் பேரால் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் அமர்த்துவது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அத்தீர்ப்பைப் பற்றி நம் மேடைகளில் பேசியவர் பலர். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றம் வழங்கிய வேறொரு தீர்ப்பைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. வாயிலில் நின்று எவரும் தடுக்காத பள்ளியிலும் ஏழைப் பிள்ளை எவ்வாறு பின்தங்கிப் போகிறான் என்பதை விளக்குவது அந்த இரண்டாம் வழக்கு. ஆதலின் அதன் வரலாற்றை இங்கே சற்று விரித்துரைப்பது பொருந்தும்.

முதலில் அங்குள்ள பள்ளி ஆட்சிமுறையை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 'பள்ளி மாவட்டம்' என்பது நாம் அறிந்த வருவாய் மாவட்டம் அன்று. ஓர் ஊரோ, ஒரு நகரின் ஒரு பகுதியோ, சில புறநகர்கள் சேர்ந்ததோ ஒரு பள்ளி மாவட்டமாக அமையும். டெக்சாஸ் மாநிலத்தில் அதை ஆள்வது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழு; பெரும்பாலும் ஏழு உறுப்பினர் கொண்டது. அக்குழுவே கல்விக் கண்காணிப்பாளரை அமர்த்துகிறது, ஆசிரியர்களை நியமிக்கிறது, வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, தன் எல்லைக்குள் உள்ள வீடு, நிலம், கடை, ஆலை ஆகியவற்றின் மீது சொத்துவரி விதிக்கிறது. நம் நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. சேரிப் பள்ளியில் பணிபுரிந்தாலும் நகரின் நடுவிலுள்ள பள்ளியில் பணிபுரிந்தாலும் ஊதிய விகிதம் ஒன்றே. அங்கே அப்படியன்று. எல்லைக்குள் மாளிகைகள் இருந்தால் பள்ளிக்குப் பணம் உண்டு. குடிசைகள் இருந்தால் இல்லை.

சான் அன்டோனியோ நகரும் அதன் சுற்றுப்புறமும் இத்தகைய பல பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மேற்குப் புறத்தில் இருந்தது எட்ஜ்வுட். அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் மெக்சிக இனத்தவரான உழைப்பாளி மக்கள். மாணவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவ்வினத்தவர். கறுப்பினத்தார் ஆறு பேருக்குச் சற்று மேல். சொல்லும்படியான ஆலையோ அங்காடியோ அவ்வெல்லைக்குள் இல்லை. நகரின் வடபுறத்தில் இருந்தது அலமோ ஹைட்ஸ் என்னும் செல்வர் புறநகர். அங்கே நிலம் விற்ற பத்திரங்களிலேயே 'வெள்ளையர் அல்லாதாருக்கு விற்கலாகாது' என்னும் நிபந்தனை எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் அதற்குள் யார் எங்கே வாழ்வது என்பது முடிவாகிவிட்டது. ஊரும் சேரியும் பிரிந்த கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1968ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் ஏறத்தாழ நானூறு பேர் வகுப்புகளை விட்டு வெளியேறி, கண்காணிப்பாளர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும், கல்லூரிக்குச் செல்ல உதவும் பாடங்கள் வேண்டும், பழுதுபட்ட கட்டடங்களைச் சீர் செய்ய வேண்டும் என்பவை அவர்களது கோரிக்கைகள். பெற்றோர்களும் ஒரு சங்கமாகக் கூடினர். அவர்களுள் ஒருவர் டிமெட்ரியோ ராட்ரிகஸ். முன்னாள் படைவீரர்; கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத்தகடு வேலை செய்தவர். அவருடைய புதல்வர்கள் படித்த தொடக்கப் பள்ளியின் மேல்மாடி பயன்படுத்தத் தகாதது என்று மூடப்பட்டு, வௌவால்களின் உறைவிடமாகிவிட்டிருந்தது.

தங்கள் பள்ளிகளின் இந்நிலைக்குக் காரணம் பள்ளிக் குழுவினரின் திறமையின்மையோ நேர்மையின்மையோதான் என்று பெற்றோர் முதலில் எண்ணினர். அந்த ஐயத்தோடுதான் ஆர்தர் காக்மன் என்னும் வழக்குரைஞரை நாடினர். கணக்குகளை ஆராய்ந்த அவர், குழுவினரை மாற்றினாலும் நிலைமை மாறாது, குற்றம் மாநிலத்தின் பள்ளி நிதி முறையிலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பது என் கருத்து. கையருகே உள்ள எளிய மனிதனைக் குற்றம் சாட்டுவது எளிது. அவன் கையிலுள்ள பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது கடினம்.

நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கைப் பார்ப்போம். 1967-68ஆம் ஆண்டில் எட்ஜ்வுட் மாவட்டத்தில் மாணவர் ஒருவருக்கு இருந்த வரிவிதிப்புக்குரிய சொத்தின் மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் அது 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் ஒவ்வொரு 100 டாலர் சொத்துக்கும் 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினர். அந்த நகர வட்டாரத்திலேயே அதுதான் மிக உயர்ந்த விகிதம். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியதோ 85 சென்ட். மாநிலத்தின் அடிப்படைக் கல்வித் திட்டத்துக்குரிய பங்கு போக, உள்ளூர் வரியிலிருந்து எட்ஜ்வுட் மாணவனுக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மாணவனுக்கு 333 டாலர். மாநில அரசு ஏழை மாவட்டத்துக்கு 222 டாலரும் செல்வ மாவட்டத்துக்கு 225 டாலரும் கொடுத்தது. உதவி தேவைப்படாதவனுக்கு மூன்று டாலர் கூடுதல்! நடுவண் அரசின் உதவியையும் சேர்த்தால், எட்ஜ்வுட்டில் 356 டாலர். அலமோ ஹைட்ஸில் 594 டாலர்.

கூடுதலாக வரி கொடுத்தவர்கள் குறைவாகப் பெற்றார்கள். ஏழைகள் தம் பிள்ளைகளின் கல்வியில் அக்கறையற்றவர்கள் என்று சொல்லித் திரிவோருக்கு இந்த ஒரு கணக்கே போதிய மறுமொழி.

பணக் குறைவு வகுப்பறையில் எவ்வாறு வெளிப்பட்டது? 1968-69இல் எட்ஜ்வுட் ஆசிரியர்களுள் நூற்றுக்கு 47 பேர் முழுத் தகுதியின்றித் தற்காலிக அனுமதியின்பேரில் கற்பித்தவர்கள். அலமோ ஹைட்ஸில் 11 பேரே. அலமோ ஹைட்ஸில் ஏறத்தாழ இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர். எட்ஜ்வுட்டில் இருபத்தாறு பேருக்கு ஒருவர். மேற்படிப்புக்கு வழிகாட்டும் ஆலோசகர் அங்கே 645 மாணவர்க்கு ஒருவர். இங்கே 3,098 மாணவர்க்கு ஒருவர். மூவாயிரம் பேருள் எந்தப் பிள்ளையின் முகம் அவருக்கு நினைவிருக்கும்? எந்தப் பிள்ளையிடம் அவர் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசியிருக்க முடியும்?

1968 ஜூலை 10ஆம் நாள் வழக்குத் தொடரப்பட்டது. மூன்று நீதிபதிகள் கொண்ட நடுவண் நீதிமன்றம் 1971 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் எட்ஜ்வுட் மாவட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த ஹோசே கார்டெனாஸ் பெற்றோரின் பக்கமே நின்றார். டெக்சாஸ் அரசு மேல்முறையீடு செய்தது. 1973 மார்ச் 21ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். நீதிபதியாவதற்கு முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தவர். கல்வி அரசியல் சட்டம் உறுதி செய்த அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று என்றும், தம் பள்ளிகளைத் தாமே ஆளும் உள்ளூர் மக்களின் உரிமையைக் காக்க இந்த வரிமுறை நியாயமான வழியே என்றும் அவர் முடிவு கூறினார். மாறுபட்ட நால்வருள் ஒருவர் தர்குட் மார்ஷல். 1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காக வாதாடிய அதே மார்ஷல், பின்னர் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு நீண்டது. மேலே கண்ட எண்களுள் பலவும் அதில் அணிவகுக்கின்றன.

ஆயினும் வாதத்தின் வேரை வெட்டியவர் இன்னொருவரான பைரன் ஒயிட் என்றே சொல்வேன். உள்ளூர் ஆட்சியுரிமை என்கிறீர்களே, அதைச் செலுத்துவதற்கு எட்ஜ்வுட் மக்களுக்கு வழி எங்கே என்பது அவர் எழுப்பிய வினா. அவ்வட்டாரத்தில் மிக அதிகமாக வரி திரட்டும் மாவட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால், அலமோ ஹைட்ஸ் 100 டாலருக்கு 68 சென்ட் விதித்தால் போதும். எட்ஜ்வுட் 5 டாலர் 76 சென்ட் விதிக்க வேண்டும். மாநிலச் சட்டமோ 1 டாலர் 50 சென்ட்டுக்கு மேல் விதிக்கலாகாது என்று தடுத்திருந்தது. வாக்குரிமை உண்டு, தேர்தல் உண்டு, தம்மவர் அமர்ந்த குழுவும் உண்டு. ஆனால் அக்குழு தீர்மானிப்பதற்கு ஒன்றுமில்லை. தலைவர் நாற்காலி கிடைத்தும் கையெழுத்திடும் உரிமை வேறொருவர் கையில் இருந்த ஊராட்சிகளைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டல்லவா?

ஏழைகள் மீண்டும் தோற்றுவிட்டார்கள் என்று ராட்ரிகஸ் மனம் நொந்து கூறினார். வழக்கு அத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை. நடுவண் அரசியல் சட்டம் கைவிட்டால் மாநில அரசியல் சட்டம் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது. திறம்பட இயங்கும் இலவசப் பொதுப்பள்ளி முறையை நிறுவுவது சட்டமன்றத்தின் கடமை என்று டெக்சாஸ் அரசியல் சட்டமே கூறுகிறது. அதைப் பற்றிக்கொண்டு 1984இல் புதிய வழக்கு எழுந்தது. இம்முறை பெற்றோர் மட்டுமல்லர், எட்ஜ்வுட் பள்ளி மாவட்டமே முதல் வழக்காடியாக நின்றது. 1989 அக்டோபர் 2ஆம் நாள் டெக்சாஸ் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். மாநிலத்தின் மிகச் செல்வமுள்ள மாவட்டத்துக்கும் மிக ஏழை மாவட்டத்துக்கும் இடையே மாணவர் ஒருவருக்குரிய சொத்து மதிப்பு எழுநூறுக்கு ஒன்று என்னும் அளவில் இருந்ததை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

தீர்ப்பு கிடைத்தவுடன் பணம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சட்டமன்றம் இயற்றிய முதற் சட்டத்தை நீதிமன்றம் போதாதென்று தள்ளியது. இரண்டாவதையும் 1992இல் வேறு காரணத்தால் தள்ளியது. 1993இல்தான் நிலைத்த சட்டம் பிறந்தது. செல்வ மாவட்டங்கள் ஓர் அளவுக்கு மேற்பட்ட தம் சொத்து வளத்தின் பயனைப் பிற மாவட்டங்களோடு பகிர வேண்டும் என்று அது விதித்தது. செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த ஆங்கிலக் கதைமாந்தன் ராபின் ஹுட் பெயரால் அதை எதிர்ப்பாளர்கள் ஏளனமாக அழைத்தனர். 1995இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மாவட்டங்களுக்கிடையே இருந்த செலவு வேறுபாடு பெரிதும் குறைந்தது. அதற்குள் 1968இல் ஊர்வலம் சென்ற மாணவர்கள் நாற்பது வயதைத் தாண்டிவிட்டனர்.

மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் வந்தபின் எட்ஜ்வுட்டில் எல்லாம் சீராகிவிடவில்லை. பள்ளிக் குழுவினருக்குள் ஏற்பட்ட பூசலால் ஆட்சி சீர்குலைந்து, 2016ஆம் ஆண்டு மாநிலக் கல்வித்துறை தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவை விலக்கிவிட்டு, தானே நியமித்த மேலாளர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. தேர்தல் பெற்ற உறுப்பினர்கள் பின்னர்ப் படிப்படியாகவே திரும்பினர். பொருளில்லாக் காலத்தில் குழுவைக் குறை கூறியது பிழையாயிருந்தது போலவே, பொருள் வந்த காலத்தில் குழுவைக் கண்காணியாதிருப்பதும் பிழையே. மாணவர் தொகையும் தேய்ந்தது. வழக்கு நடந்த நாளில் 22,000 பேர் படித்த அம்மாவட்டத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் குறைவானவர்களே படிக்கின்றனர்.

2016ஆம் ஆண்டிலேயே, பல மாவட்டங்கள் சேர்ந்து தொடுத்த மற்றொரு வழக்கில், நிதிமுறை குறையுடையதே ஆயினும் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று டெக்சாஸ் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ராட்ரிகஸ் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2013இல், காலமாகிவிட்டார். நடுவண் உச்சநீதிமன்றத்தின் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றுவரை மாற்றப்படவில்லை. வேறு மாநிலங்களில் பள்ளி நிதிக்காக வழக்காடுவோரும் அதன் காரணமாகவே தத்தம் மாநில நீதிமன்றங்களை நாடி வருகின்றனர்.