சாரணர் சீருடை: தலைப்பாகையும் கழுத்துத் துணியும்

திருப்பூர் வட்டாரப் பள்ளிகளில் இன்று சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் கழுத்தில் முக்கோணத் துணியுமாக நிற்கும் மாணவர்களைக் காணலாம். அவர்கள் பாரத சாரண சாரணியர் இயக்கத்தைச் சேர்ந்த சாரணர்கள். இந்தச் சீருடையை அணிய இந்தியச் சிறுவர்களுக்கு ஒரு காலத்தில் உரிமை இல்லை.

சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் முதல் முகாமை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினர். ஒரே உடை உடுத்தினால் யார் வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடு மறையும் என்பது அவர் கருத்து. ஆனால் 1909இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியாவின் முதல் சாரணர் படையில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. வேறுபாட்டை மறைக்க வந்த சட்டை, இங்கே வேறுபாட்டின் அடையாளமாயிற்று.

இதற்கு விடையாக அன்னி பெசன்ட், அருண்டேலின் துணையுடன் 1916இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் சாரணர்கள் தலைப்பாகை கட்டினர்; முகாம் நெருப்பைச் சுற்றி இந்தியப் பாடல்களைப் பாடினர். தலைப்பாகை சிறிய மாற்றம்தான், ஆனால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் செய்த மாற்றம். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது.

அது ஒத்துழையாமை இயக்கத்தின் ஆண்டும்கூட. கொங்குப் பகுதியில் நூற்பும் நெசவும் பரவின. திருப்பூர் கதர் வணிகத்தின் பெரிய மையமாக வளர்ந்தது. உடுத்தும் துணி ஒருவர் எந்தப் பக்கம் என்பதைச் சொன்ன காலம் அது. அரசருக்கு விசுவாசம் கூறும் உறுதிமொழியோடு வந்த சாரணச் சட்டையைப் பலர் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. தனித்தனியாக இயங்கிய சங்கங்கள் விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7இல், பாரத சாரணர் சாரணியர் என ஒன்றாயின. உறுதிமொழியில் இப்போது கடவுளும் நாடும் உண்டு, அரசர் இல்லை.

சீருடையைச் சரியாக அணிவதற்கு விதிகள் உண்டு. சட்டையில் இரண்டு பைகளும் தோள்பட்டைகளும் இருக்க வேண்டும். தலையில் சின்னம் பொருத்திய கருநீல பெரே தொப்பி. சீக்கியச் சிறுவர் அதற்குப் பதில் அதே நிறத்தில் தலைப்பாகை கட்டலாம். உறுப்பினர் சின்னம் இடப்பக்கப் பையின் நடுவில். உறுதிமொழி ஏற்காத சிறுவன் அதைத் தைத்துக்கொள்ளக் கூடாது. பெல்ட், கருப்புக் காலணி, காலுறை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கழுத்துத் துணி வேறு. அதன் நிறம் குழுவுக்குக் குழு மாறும். முனை முதுகில் நடுவாகத் தொங்க, அகலமான விளிம்பைச் சீராகச் சுருட்டி, இரு நுனிகளையும் 'வாகிள்' என்னும் வளையத்துள் நுழைத்து இழுக்க வேண்டும். கசக்கித் திணித்தால் கழுத்தில் கயிறு போலாகிவிடும். அவிழ்த்தால் இதே துணி முறிந்த கையைத் தாங்கும் தூளி, காயத்துக்குக் கட்டு. முதலுதவியை நடத்திக் காட்டும்போது சாரணர்கள் முதலில் அவிழ்ப்பது இதைத்தான். தோலில் முடைந்த கில்வெல் வளையத்தை மட்டும் சிறுவர்கள் அணியலாகாது. அது பயிற்சி பெற்ற சாரண ஆசிரியர்களுக்கு உரியது.

உலகுக்கே பனியன் தைத்துத் தரும் ஊரில் இச்சட்டை ஒரு விருந்தாளிதான். திருப்பூரின் தொழில் பின்னல் துணி. அது இழுத்தால் நீளும், உடலோடு ஒட்டும். தோள்பட்டையும் மடிப்பும் நிமிர்ந்து நிற்க நெய்த துணி வேண்டும். தையல் பிரிந்ததையும் சின்னம் ஒரு விரற்கடை கோணலாக இருப்பதையும் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது அங்கே பனியன் கம்பெனியில் 'செக்கிங்' பார்ப்பவர்களின் அன்றாட வேலை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சீருடைச் சோதனை நடத்தும் சாரண ஆசிரியருக்கு வீட்டிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.