மயக்க மருந்தும் கண்ணும்: ஒரு வரலாற்று நோக்கு

அறுவை மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1846 ஆம் ஆண்டினை நோவினின்றும் மனிதன் விடுதலை பெற்ற ஆண்டெனப் போற்றுவர். அவ்வாண்டு ஒக்ரோபர் 16 ஆம் நாள் பொஸ்டன் நகரிலே வில்லியம் மோட்டன் ஈதர் ஆவியின் ஆற்றலைப் பலரறியக் காட்டினார். அடுத்த ஆண்டில் எடின்பரோவிலே சிம்சன் குளோரபோமைப் புகுத்தினார். ஆயின், கண் மருத்துவர் பலர் இப்புதுமையை ஐயத்துடனேயே நோக்கினர். இதனை வெறும் பழமைப்பற்றெனத் தள்ளிவிடுதல் நியாயமன்று.

அக்காலக் கண்புரை அறுவையில் விழிவெண்படலத்தின் ஓரத்தை வெட்டி வில்லையை வெளியே எடுப்பர். வெட்டுவாயைத் தைக்கும் வழக்கம் அன்று பரவியிருக்கவில்லை; காயம் தானே பொருந்தும்வரை நோயாளி அசையாது கிடத்தல் வேண்டும். ஈதர் மயக்கத்தினின்று தெளிவோரோ இருமுவர், ஓங்காளிப்பர், வாந்தியெடுப்பர். அவ்வேளை கண்ணின் உள்ளமுக்கம் உயர்ந்து, கண்ணாடியுடனீர் வெட்டுவாயினூடே பிதுங்கினால் பார்வை மீளாது போகும். நோவைப் பொறுத்து அசையாதிருப்பவனின் கண், நோவறியாது உறங்கி எழுபவனின் கண்ணிலும் பாதுகாப்பாயிருந்தது என்பது விந்தையே.

இவ்விக்கட்டிலிருந்து மீள வழி காட்டியவர் வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கொல்லர். கொக்கெயின் கரைசலின் சில துளிகள் கண்ணை மரத்துப்போகச் செய்வதை அவர் கண்டார். 1884 செப்டெம்பர் 15 இல் கைடல்பேர்க்கிற் கூடிய கண் மருத்துவர் மாநாட்டுக்குச் செல்லப் பணவசதியின்மையால், அவரது கட்டுரையை பிரெற்றவர் என்பார் வாசித்தார். கண் அறுவையிற் பொது மயக்கம் பின்தள்ளப்பட்டது. எனினும் குழந்தைகளுக்கும் கண் உடைந்து வருவோருக்கும் அதனைத் தவிர்த்தல் அரிதாயிற்று.

1951 அளவில் வழக்குக்கு வந்த சக்சமெத்தோனியம் ஒரு நிமிடத்தளவில் தசைகளைத் தளர்த்தி, மூச்சுக்குழலினுட் குழாய் செலுத்த உதவியது. ஆயின் அது கண்ணமுக்கத்தைச் சில நிமிட நேரம் உயர்த்துமென அப்பத்தாண்டிலேயே ஆய்வுகள் காட்டின. உணவுண்ட வயிற்றோடும் உடைந்த கண்ணோடும் ஒருவர் வந்தால் யாது செய்வது? குழாய் செலுத்தத் தாமதித்தால் இரைப்பையுணவு நுரையீரலுட் புகுந்து உயிர் போகலாம். மருந்தைக் கொடுத்தாற் கண் போகலாம். பாடநூல்கள் பல அம்மருந்தை விலக்கின. அவ்விலக்கு அச்சத்தின் அளவுக்குச் சான்றுகளைக் கொண்டிருக்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது: முன்காப்பு மருந்துகளுடன் அதனைப் பயன்படுத்தியபோது கண்ணின் உட்பொருள் வெளிப்படவில்லை என 1985 இல் அமெரிக்க மருத்துவர் சிலர் அறிக்கையிட்டனர். 1994 இல் வந்த றொக்குரோனியம், கண்ணமுக்கத்தை அவ்வாறு உயர்த்தாது ஏறத்தாழ அதே விரைவில் தசைகளைத் தளர்த்தியமையால், மயக்கமருந்து வல்லுநர் கைக்கு மற்றொரு வழியும் கிட்டிற்று.